வண்டிலில் போகிறவரும் காணி அலுவலும்

நான் செக்கியூரிட்டி வேலை பார்க்கும் ஓவியக்கூடத்தில், போன வருடம் ஸ்னோ கரையத் தொடங்கிய நேரம், என்னை ஒரு சின்னப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடக் கொப்பித் தாளளவு. கறுப்புக் கிரெயோனால் கீறியது. கால் வழங்காத ஒரு கிழவர், சக்கரம் பூட்டிய மரப்பெட்டிக்குள் இருந்து, கையால் பிடியைச் சுழற்றிக்கொண்டு நடுத்தெருவால் போகிறார். அவ்வளவுதான்.

கீறினவர் ஸ்பெயின்காரராம், பெரிய மேதையாம். எண்பதை நெருங்கிய வயதில், காதும் கேளாமல், நாட்டை விட்டுப் பிரான்சுக்குப் போய், தெருவில் கண்ட சனங்களைக் கீறிக்கொண்டு இருந்தாராம். சுவரில் எழுதியிருந்தது. அட, இவரும் எங்களைப்போல நாட்டை விட்டு வந்த ஆள்தான் என்று முதல்நாள் சிரித்தேன்.

இரண்டாம் நாள் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த வண்டில்காரரின் முகத்தில் துளி வெட்கம் இல்லை. இந்த நிலையிலும் இந்த மனுசனுக்கு ஒரு தெரு கேட்கிறதோ என்று மனதுக்குள் ஏசினேன். யாரை ஏசினேன் என்று எனக்குத் தெரியும்.

என் கணவருக்குச் சீனி வருத்தம். அதற்கு முந்திய ஆவணியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன், நாங்கள் இருக்கும் வோபர்னில், எங்கள் தெருவில் அவரைத் தெரியாத தமிழர் இல்லை. பின்னேரம் நடக்கப் போனால் பத்துப் பேருடனாவது கதைக்காமல் வீட்டுக்கு வரமாட்டார். பற்றரியில் ஓடும் சக்கர நாற்காலி வந்த அன்றே, கடைப்பக்கம் ஒருக்கால் போய்வரட்டோ என்று கேட்டார். நான் விடவில்லை. குளிர், ஐஸ், வழுக்கும் என்றேன். குளிர்காலம் முழுக்க எனக்கு அந்தச் சாட்டு இருந்தது.

உண்மை வேறு. ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தபோது, கோயிலில் ஒரு அன்ரி எங்கே அவரைக் காணவில்லை என்று கேட்டார். காணி அலுவலாய் ஊருக்குப் போயிட்டார் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களிடம் இதைவிடப் பாதுகாப்பான பொய் கிடையாது. காணி அலுவல் என்றால் எப்போது முடியும் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பாவம், யார் எல்லையைத் தள்ளினது என்றுதான் கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருந்தேன். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாமோ? அவரைப் பாவம் பார்ப்பார்கள், ஒரு காலத்தில் எப்படி நடந்த மனுசன் என்பார்கள். அதை என்னால் கேட்க முடியாது என்று நினைத்தேன்.

அவருக்கு இந்தப் பொய் தெரியும். நான் போனில் சொல்வது அறைக்குக் கேட்கும்தானே. யாராவது கதவைத் தட்டினால் ரீவியை நிற்பாட்டிவிட்டு, தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து முடியுமட்டும் உள்ளே ஒரு இருமல்கூடக் கேட்காது. என் மானத்துக்காக அவர் இருமலையும் அடக்கினார். நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வரும்.

வேலையில் ஒரு நாள், இடைவேளையில், படம் பார்க்க வந்தவர்கள் மாதிரிப் போய் அந்தப் படத்தைப் போனில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவரிடம் நீட்டினேன். வெயில் வீட்டுக்குள் வரை வந்திருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கி, சக்கரத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், முகத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“உவர் தனியவோ போறார்?”

“ஓம். ஒருத்தரும் தள்ளேல்லை.”

“அப்ப உவருக்கு வீட்டில மனுசி இல்லைப் போல.”

பகிடி விடுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. ஏழு மாதமாய் இந்த மனுசனை நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நாளைக்கே போவோம், காண்கிறவர்கள் காணட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாய் அதைச் சொல்லத்தான் திறந்தேன்.

“நாளைக்கு வெளியில போவமப்பா,” என்றேன். “விடிய வெள்ளனப் போவம். ஆக்கள் இல்லாத நேரமாய்ப் பாத்து.”

அவர் கண்ணாடியைக் கழற்றி, போனை என் கையில் தந்தார்.

“ஆக்களைப் பாக்கத்தானேயப்பா நான் வெளியில போகக் கேட்டனான்,” என்றார்.