சங்குக்குப் பழகிய குட்டி

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆவணி மாதம். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின் போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பின்கதவைத் திறந்தால் தோட்டத்தில் ஒரு முருங்கை மரமும் துவைக்கிற கல்லும். இவ்வளவுதான் வீடு. ஆனால் இதற்காக நான் இரண்டு வருஷம் என் புருஷனோடு சண்டை போட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன். அதுவரை தண்டலத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். அங்கே உப்பு டப்பாவைத் திறக்கக்கூட நான் அந்த அம்மாவைக் கேட்க வேண்டும். குளித்துவிட்டு வந்தால் வாளியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் வைத்திருக்கிறேன் என்று எட்டிப் பார்ப்பார். திரும்பவும் அந்த வீட்டுக்குள் காலை வைப்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். மண்சட்டியில் சமைத்தாலும் அது என் அடுப்பு, என் மண்சட்டி.

அப்படியிருக்கிறபோது ஒருநாள் என் புருஷன் ஷிப்ட் முடிந்து ஒயர் கூடையோடு வந்தார். கூடையில் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி. கண் திறந்து ஒரு வாரம்தான் இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். செம்மண் நிறம், வயிறு மட்டும் ரோஜா நிறம்.

"தாயி ரோட்ல லாரில அடிபட்டு செத்துப்போச்சி. மத்த குட்டிங்களும் போயிருச்சி. இது ஒண்ணுதான் ஸ்கிராப் மூட்ட சந்துல கத்திக்கினு இருந்திச்சி" என்றார்.

"அதுக்கு? நம்ப தலையில கொண்டாந்து கட்டுவீங்களா?"

"இருந்துட்டுப் போவுது மே."

அவர் அதிகம் பேசாதவர். கம்பெனியில் லேத்து மிஷின் ஓட்டுகிறவர். பேசாதவர்கள் ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தால் அசைக்க முடியாது. பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரை வாங்கிவந்து, சொட்டுச் சொட்டாக அதற்குப் பால் கொடுத்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்காத மனுஷன்! வயிறு எரிந்தது எனக்கு.

மறுநாள் வீட்டுக்காரம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த வீட்டின் சிவப்பு சிமென்ட் தரைதான் அவருக்கு உயிர். நாங்கள் குடிவருவதற்கு முன்பு வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தாராம். குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தா பாரும்மா. நாய் வளக்கறதும் வளக்காததும் உங்க இஷ்டம். என் தரையில ஒரு சொட்டு வுழுந்திச்சின்னு வையி, மறுநாளே காலி பண்ணிடணும். நாய இல்ல, வூட்ட."

அவ்வளவுதான். என் அடுப்பும் என் மண்சட்டியும் அந்த ரோஜா நிற வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அவர் குட்டியை விடமாட்டார். வீட்டுக்காரம்மா தரையை விடமாட்டார். நடுவில் நான்.

மூன்று வார நாய்க்குட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகும் தெரியுமா? பாலைக் குடித்த வாய் மூடுவதற்குள் கீழே போய்விடும். தூங்கி எழுந்தால் போகும், துள்ளினால் போகும், ஒன்றுமில்லாமலும் போகும். நான் பழைய பாவாடையைக் கிழித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தேன். துடைத்து, பினாயில் போட்டு, மறுபடி துடைத்து. வீட்டுக்காரம்மா முருங்கைக்கீரை பறிக்கிற சாக்கில் தினமும் வந்து, பின்கதவருகே நின்று மூக்கை உறிஞ்சுவார். கையிலிருக்கிற துணியை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வேன்.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான் வழி சொன்னாள். "போன எடத்துலயே மூக்க வச்சித் தேச்சி வுடுக்கா. நாலு நாள்ல தன்னால வெளிய ஓடும்."

தேய்த்தேன். கழுத்தைப் பிடித்து, அதன் மூக்கை அந்த ஈரத்தில் அழுத்தி, இடமும் வலமுமாக. நாலு நாளில் பழகவில்லை. எனவே நான் என் பங்குக்குச் சிலது சேர்த்துக்கொண்டேன். துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, தேய்த்து முடித்ததும் பின்னங்காலில் இரண்டு போடுவேன். அவருக்கு நைட் ஷிப்ட் வாரமென்றால் பகலில் வீட்டில் தூங்குவார். அந்த வாரங்களில் குட்டியின் வாயை இடது கையால் பொத்திக்கொண்டு அடிப்பேன். சத்தம் என் உள்ளங்கைக்குள்ளேயே நின்றுவிடும். சூடான மூச்சு மட்டும் விரலில் படும். அவர் புரண்டு படுப்பார், எழுந்திருக்க மாட்டார்.

அப்போது எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. தண்டலத்துச் சமையல்கட்டு கண்முன்னால் வந்து நிற்கும். அது வந்ததும் கை தானாக இறங்கும்.

அடித்தால் மட்டும் போதாது, எப்போது போகலாம் என்றும் சொல்லித்தர வேண்டுமே. அங்கேதான் கம்பெனிச் சங்கு வந்தது. காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து. ஷிப்ட் மாறும்போது ஊதுகிற அந்தச் சங்கு ஊர் முழுக்கக் கேட்கும். எங்கள் பக்கத்தில் அதுதான் கடிகாரம். ஆறு மணிச் சங்குக்கு வாசல் தெளிப்போம், இரண்டு மணிச் சங்குக்குச் சோற்றை இறக்குவோம், பத்து மணிச் சங்குக்கு விளக்கை அணைப்போம். என் புருஷனே சங்குக்குத்தான் போகிறார், வருகிறார். நாயும் அதற்கே போகட்டுமே என்று எனக்குத் தோன்றியது. ரொம்பச் சரியாகவும் தோன்றியது.

சங்கு ஊதும். குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக ஓடி முருங்கை மரத்தடியில் விடுவேன். போனால் அடி இல்லை. அதுதான் அதற்குக் கிடைத்த பரிசு. மற்ற நேரத்தில் வீட்டுக்குள் போனால் மூக்கும் குச்சியும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கைப்பிடி அளவு குட்டிக்கு எட்டு மணி நேரம்! பெற்ற குழந்தையாக இருந்தால் ஊரே என்னைக் காறித் துப்பியிருக்கும்.

ஒருநாள் பகல் பதினோரு மணி வாக்கில் அது பின்கதவு இடுக்கில் நுழைந்து தானாகவே வெளியே போனது. பழகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தால், வீட்டுக்காரம்மா பாயில் காயவைத்திருந்த மிளகாய்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அந்த அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நனைந்த மிளகாயை அள்ளிச் சாக்கடையில் எறிந்தேன். அன்று அடித்த அடியில் குச்சி மூன்றாக உடைந்தது. அதற்குப் பிறகு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, சங்கு ஊதினால் மட்டும்தான் என்று அதற்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. புரியவைத்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெண்கள் வந்து பின்னால் நின்றுகொள்வார்கள். சங்கு ஊதும். குட்டி எழுந்து, நேராகப் போய், முருங்கை மரத்தடியில் வேலையை முடித்து, நேராகத் திரும்பும். எல்லோரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். "ஷிப்ட் பாக்குற நாயிடி இது" என்பாள் எதிர்வீட்டுக்காரி. வீட்டுக்காரம்மாகூட வாய் திறந்து சிரித்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அறிவப் பாத்தியா இதுக்கு!" என்று அதைத் தூக்கி மார்மேல் போட்டுக்கொள்வார். நானும் பக்கத்தில் நின்று சிரிப்பேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கம்பெனிக்கு லீவு விட்டாலும் வாட்ச்மேன் பழக்கத்தில் சங்கை ஊதிவிடுவார். அதனால் அது நிற்காது என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆயுத பூஜை அப்படி இல்லை. அன்று எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் படைப்பார்கள். படைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக் கூடாது. அவருடைய லேத்தைத் தொடக் கூடாது, ஸ்பானரைத் தொடக் கூடாது. வருஷத்தில் அன்று ஒருநாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். காலையில் ஆறு மணிச் சங்குக்குக் குட்டி போய்வந்ததும் அதை உள்ளே விட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். அவருடைய லேத்துக்கு நான்தான் பூ வைத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் சங்கின் சுவிட்சுப் பெட்டிக்கும் மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். அழகாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு வந்தேன். மண்டையில் உறைக்கவில்லை.

பூஜை முடிந்து, சாப்பாடு போட்டு, பொரி பொட்டலத்தோடு வீட்டுக்கு வர சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டது. குட்டி பின்கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. வால் ஆட்டவில்லை. உடம்பு விட்டு விட்டு நடுங்கியது. அவர் தூக்கினார். வயிறு கல்லாக இருந்தது. கை பட்டதும் வீல் என்று கத்தியது.

"இன்னா ஆச்சி இதுக்கு?" என்று தோட்டத்துக்குக் கொண்டுபோய் மரத்தடியில் விட்டார்.

போகவில்லை. நின்றது. காதைத் தூக்கிக் கம்பெனி இருக்கிற திசையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. உட்காரப் போய், உட்காராமல், மறுபடி என்னைப் பார்த்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மணிச் சங்கு ஊதவில்லை. பத்து மணிக்கும் ஊதாது. மறுபூஜை முடிகிறவரை ஊதாது.

சொன்னேன். அவர் இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஊ...ம்" என்று சங்கு மாதிரியே ஊதினார். குட்டி காதை அசைத்தது, அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரி வந்து ஊதினாள். வீட்டுக்காரம்மா பொரியை மென்றுகொண்டே வந்து, விஷயம் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவரும் ஊதினார். தோட்டம் முழுக்க ஊளைச் சத்தம். குட்டியின் வாயோரம் நுரை கட்டியிருந்தது.

"நீ ஊது மே. உன்னாண்டதான் பழகிக்கினு கீது" என்றார் அவர்.

ஊதினேன். என் குரல் எழும்பியதுமே அது தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. எனக்கு வெட்கம், பயம், எல்லோர் முன்னாலும் அவமானம். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "போயித் தொலையேன் சனியனே!" என்று கத்திவிட்டேன்.

குட்டி எழுந்து ஓடியது. மரத்தடிக்கு இல்லை. பின்கதவு வழியாக வீட்டுக்குள்ளே. நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். நடு அறையில், அந்தச் சிவப்புத் தரையில் நின்றபடியே விட்டது. நின்றுகொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. பதினோரு மணி நேரத்து மூத்திரம் கதவுவரை ஓடி வந்தது.

முடிந்ததும் அது ஓடி ஒளியவில்லை. திரும்பி நின்று, தலையைக் குனிந்து, தன் மூக்கைத் தானே அந்த ஈரத்தில் வைத்து இடமும் வலமுமாகத் தேய்த்தது. நன்றாக, பொறுமையாகத் தேய்த்தது. பிறகு பின்னங்காலை என் பக்கமாக நீட்டிப் படுத்துக்கொண்டது.

என் புருஷன் அந்தக் காலைப் பார்த்தார். முடிக்கு அடியில் வரி வரியாக இருந்ததை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"நான் ஷிப்ட்டு போனப்புறம் இதான் பண்ணிக்கினு இருந்தியா?"

"பின்ன இன்னா பண்ணச் சொல்றீங்க? உங்கம்மா வூட்டுக்கே திரும்பிப் போயிருக்கலாமா?"

நான் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷமும் நான் பயந்தது தரைக்காகத்தான்.

வீட்டுக்காரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடி ஆத்தே! தப்பு பண்ணிட்டோம்னு தானே தேச்சிக்குது பாரேன். மனுசனுக்குக்கூட இந்தப் புத்தி வராதும்மா. கழுவி வுட்ரு, போவுது. நீங்க எங்கயும் போவ வேணாம்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். தண்டலத்துக்குத் திரும்பவில்லை. அந்த போர்ஷனில்தான் எட்டு வருஷம் இருந்தோம், பிறகு சொந்தமாக ஒன்று கட்டினோம். என் புருஷன் என்னைத் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. வேலைக்குக் கிளம்புகிறபோது குட்டியைக் கூடையில் வைத்துத் தன்னோடு எடுத்துப் போனார், அது கூடையில் அடங்காமல் வளர்ந்த பிறகு கயிற்றில் பிடித்து நடத்திப் போனார். கேன்டீன் பக்கம் கட்டிவைப்பாராம். என்னை நம்பி ஒருநாளும் விட்டுப் போகவில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

அந்த நாய் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தது. சாகிற அன்றுகூடத் தவழ்ந்துபோய்ப் புது வீட்டுத் தோட்டத்தில்தான் செத்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டு, எப்படிங்க இவ்வளவு சுத்தமாகப் பழக்கினீங்க என்று என்னைத்தான் கேட்பார்கள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

கொஞ்சம் பொறுமை வேணுங்க, அவ்வளவுதான் என்று சொல்லுவேன்.