ஏற்றமில்லாத இடம்

முந்தாநாள் தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தொலைபேசி அடித்தது. "ரீச்சர், பிலோமினா மிஸ் மோசம் போயிட்டா" என்று சாவுச் செய்தி சொல்லி அழுதாள் அவருடைய ஆய்வுகூடத்துப் பிள்ளை.

கலாநிதி பிலோமினா என் காலஞ்சென்ற கணவரின் தங்கை, இரசாயனவியல் விரிவுரையாளர். நான் குருநகருக்கு மருமகளாக வந்தபோது அவர் பள்ளி மாணவி. மீன் பொரித்த சட்டியைக் கழுவக் கொடுத்தால், நீரில் எண்ணெய் பரவுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"சட்டியிலை என்ன படமே ஓடுது?"

"ஓம் மச்சாள். நல்ல படம், கெதியிலை முடியாது."

பின்னாளில் அவர் ஆராய்ந்ததும் ஒரு படலத்தைத்தான். பொன் தகட்டைக் கரைசலில் அமிழ்த்தினால், மூலக்கூறுகள் தாமாகவே வந்து, பொன்னில் காலூன்றி, தலை நிமிர்த்தி, ஒரே அடுக்காக நிற்குமாம். அத்தலைகளில் நேர்மின்னேற்றம் இருந்தால், தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்து புத்தூர்க் கிணறுகளில் இறங்கும், கைக்குழந்தைகளுக்கு ஆகாத நைத்திரேற்றை அவை பிடித்துக் காட்டும். எந்தக் கிணற்று நீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கலாம் என்று தாய்மாருக்குச் சொல்லிவிட வேண்டும். அதுவே அவர் விருப்பம்.

ஆனால் ஒரே ஏற்றமுள்ள தலைகள் ஒன்றையொன்று தள்ளின. அடுக்கு நெருங்கவில்லை. இடைவெளிகளில் வேறு பொருள்கள் புகுந்துகொள்ள, நல்ல நீரையும் கெட்டதென்றது தகடு. பிழையான அளவீடு எதையும் அவர் மறைத்ததில்லை. ஆள்தான் மெலிந்துபோனார்.

அந்நாட்களில் உறவினர் ஒருவரின் செத்தவீடு. வேலிச் சண்டையால் பேச்சற்றுப்போன சகோதரிகள் இருவர் பாயின் இரு கரைகளில் இருந்தார்கள். நான் நடுவில் போய் அமர்ந்தேன். சற்று நேரத்தில் இருவரும் என் தோளோடு ஒட்டிவிட்டார்கள். பிலோமினா குனிந்து என் காதில் சொன்னார்:

"மச்சாள், ஏற்றமில்லாத ஆளை நடுவிலை விட்டால் இரண்டும் நெருங்குதுகள்!"

"ஆர் ஏற்றமில்லாத ஆள்? கொன்வென்ரிலை படிச்ச என்னையோ சொல்லுறீர்?"

"ஐயோ, மின்னேற்றத்தையல்லோ சொன்னனான்!"

ஆய்வுகூடம் திரும்பியதும் ஏற்றமில்லாத மூலக்கூறுகளை இடையிடையே கலந்தார். அடுக்கு நெருங்கியது. ஆனால் அவை கூடிப்போனால் நைத்திரேற்றைப் பிடிக்கும் தலைகள் குறைந்தன. சரியான அளவைக் காண மேலும் உழைத்தார். கண்டார். புத்தூரில் கைக்குழந்தையோடு நின்ற தாயொருத்தியிடம், "இந்தத் தண்ணி வேண்டாம் பிள்ளை, கோயிலடிக் கிணத்திலை அள்ளுங்கோ" என்று அவர் உறுதியாகச் சொன்னதை அருகில் நின்று கேட்டேன். பெருமையாக இருந்தது.

நேற்று அவர் சவப்பேழையருகே அதே சகோதரிகள் இருந்தார்கள். நடுவில் ஓர் ஆளுக்கு இடம்.

"வாங்கோ அக்கா," என்றாள் இளையவள். "உங்களுக்குத்தான் விட்டனாங்கள்."

அமர்ந்தேன். இரண்டு தோள்களும் வந்து ஒட்டின.

பிலோமினா, ஏற்றமில்லாத நான் என் இடத்தில் இருக்கிறேன். நீர் நிம்மதியாகப் போய் வாரும்.