குட்டிச் சுரங்களுக்கு முன்னால் ஒரு குறி

சங்கரன்கோவிலில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு, பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் நொட்டேஷனாக, அதாவது கோடுகளில் எழுதும் இசைக் குறிப்பாக, அடித்துக் கொடுப்பவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. தட்டித் தடவிக் கற்றதுதான்.

தன் தம்பி கல்யாணத்துக்குத் தானே கீபோர்டு வாசிக்க வேண்டும் என்று குழுவிலுள்ள எஸ்தருக்கு ஆசை. பாட்டில் ஓரிடத்தில் இடது கை மேலே தாவ வேண்டும். தாவியதும் முதலில் சட்டென்று தொட்டுப்போகும் இரண்டு குட்டிச் சுரங்கள் உண்டு. 'இங்கிருந்து மேல் ஸ்தாயி' என்று சொல்லும் கிளெஃப் குறியைச் சாப்ட்வேர் அவற்றுக்கு முன்னால்தான் வைத்தது. அவற்றுக்குப் பின்னால் இருப்பதுதான் நேர்த்தி என்று நினைத்து, மல்லுக்கட்டி அங்கே நகர்த்தியவன் நான்.

ஒவ்வொரு முறையும் எஸ்தர் அங்கேயே தடுக்கினாள்.

"ஏட்டி, அங்கன என்ன பள்ளமா கெடக்கு?" என்று பாடுகிறவர்கள் சிரித்தார்கள்.

"வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று அவள் எழுந்துவிட்டாள்.

"குறி சரியாத்தானம்மா இருக்கு?" என்றேன்.

"கொதிக்கிற சட்டியக் கையில கொடுத்துட்டு, பொறவு சுடும்னு சொன்னா எப்படி அண்ணாச்சி?"

சுருக்கென்றது. கண்ணுக்குச் சேதி முந்திப் போனால்தானே கை தயாராகும்! குறியை முன்னால் கொண்டுவந்தேன். குட்டிச் சுரங்கள் தாளில் வேறு கோடுகளுக்கு இடம் மாறின, ஓசை மாறவில்லை. எஸ்தர் தடுமாறாமல் வாசித்தாள். கல்யாணத்திலும் அவளே வாசித்தாள்.

இப்போதெல்லாம் யாராவது ஓரிடத்தில் தடுமாறினால், அவர்களைக் குறை சொல்வதற்கு முன் நான் எழுதிக் கொடுத்ததைப் பார்க்கிறேன்.