மேல் தட்டில் இருந்த பீர்

நாகமலை புதுக்கோட்டையில் நானும் முத்துவும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் சுத்த சைவம். அந்தத் திமிரும் எனக்கு நிறைய. ஃபிரிட்ஜில் மேல் தட்டு எனக்கு, கீழ்த் தட்டு அவனுக்கு என்று நான்தான் சட்டம் போட்டேன். என் தட்டில் தயிர், மாவு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பீர்.

ஒரு ஞாயிறு மதியம் பீர் எடுக்கப் போனால், அதை ஒட்டியே அவனுடைய கருவாட்டுத் தொக்கு டப்பா. மேலூரிலிருந்து அவன் அக்கா கொடுத்தனுப்பியது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. டப்பாவை எடுத்துப் போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன்.

முத்து பார்த்துக்கொண்டே நின்றான். கத்துவான் என்று நினைத்தேன். போனில் எதையோ தேடி என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"படி. சில பீரத் தெளிய வைக்க மீனோட காத்துப்பையப் போடுறாய்ங்களாம். ஒன் பாட்டில்ல போட்ருக்காய்ங்களா?"

உள்ளே போய் பாட்டிலை எடுத்து லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

"தெரியலைல்ல? அப்ப அதையும் ஊத்து மாப்ள. என் தொக்க எம்புட்டு வேகமா ஊத்துன!"

"எல்லா பீர்லயும் போடமாட்டாய்ங்கடா" என்றேன். எனக்கே அது சப்பைக்கட்டாகத் தெரிந்தது.

அந்த மாதமே அவன் வீடு மாறிப் போனான். வழியில் பார்த்தால் இப்போது என்னை "சார்" என்கிறான்.

நான் இன்றும் சைவம்தான். ஆனால் அடுத்தவன் சாப்பாட்டைச் சாக்கடையில் கொட்ட ஒரு நொடி யோசிக்காத எனக்கு, அன்று அந்தப் பாட்டிலைக் கவிழ்க்க மனம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு முழுதையும் குடித்தேன்.