காலையில் கிளம்பாத கார்

பஷீருதீனுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தபோது வயது நாற்பத்திரண்டு. அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் ஈதான். சதுரங்கப்பட்டினத்தில் மைத்துனர் மதார் சாகிபின் கருவாட்டுக் கிடங்கில் இருபது வருஷம் உட்கார்ந்து, வாளைக்கும் நெத்திலிக்கும் காவல் காத்து ஈ ஓட்டியவர். அமீனா பீவியைக் கட்டிக்கொண்டதோடு அவள் அண்ணனின் கிடங்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. வாடைதான் கஷ்டம். அரப்புத் தேய்த்துக் குளித்தாலும், வெள்ளிக்கிழமை அத்தர் பூசினாலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் இரண்டாவது ஸ்டாப்பில் எழுந்து நின்றுகொள்வான். ஒருமுறை செங்கல்பட்டு பஸ்ஸில் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், அவர் பக்கத்தில் இடம் இருந்தும் திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே வந்தாள். அன்றைக்கு அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. வேறு பிழைப்பு பார்க்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

அது கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த சமயம். வடக்கே மாற்றலாகிப் போன இன்ஜினியர் ஒருவர் தன் கறுப்புக் காரை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். காருக்குப் பதினாறு வயது. பெயிண்ட் இருந்த இடத்தைவிட உதிர்ந்த இடம் அதிகம். ஆனாலும் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஷெட் வைத்திருந்த செல்வராஜ் மேஸ்திரி அதை இறக்கி ஏற்றி, இஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

அதிர்ஷ்டமும் கூடவே வந்தது. மாமல்லபுரத்துக் கடலோர விடுதி ஒன்றின் மேனேஜர் வாசுதேவன், வெள்ளைக்காரர்களைக் காஞ்சிபுரத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் அழைத்துப்போக நிரந்தரமாக ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. காலை ஆறு மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. முதல் நாள் விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் கார் ஒரு முறை இருமியது, அவ்வளவுதான். ஹேண்டில் போட்டுச் சுற்றினார். தோள்பட்டை கழன்றதே தவிர இஞ்சின் அசையவில்லை. வலை இழுக்கப் போனவர்களைக் கூப்பிட்டுத் தெருக்கோடி வரை தள்ளவிட்டார். அதற்கும் மசியவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர், ஒன்பது மணி வெயில் ஏறியதும் போனால் போகிறதென்று ஒரு தடவை சாவியைத் திருப்பினார். கார் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு எழுந்தது.

பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான். செங்கல்பட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால், இத்தனை தூரம் ஓடி வந்த வண்டியில் என்ன கோளாறு என்று செல்வராஜ் கேட்டார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரில் ஊதினார். பேட்டரிதான் கோளாறு என்று கல்பாக்கத்து லாரி டிரைவர் ஒருவர் சொன்னதால் அதையும் மாற்றியாயிற்று. பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறது என்றார் ஒருவர். தண்ணீர் இருந்தால் ஒன்பது மணிக்கு மட்டும் அது எங்கே போகிறது என்று பஷீருதீன் கேட்டார். கண்ணூறு என்றார் இன்னொருவர். எலுமிச்சம்பழமும் கட்டினார். எதைச் செய்தாலும் ஆறு மணிக்குப் பிணம், ஒன்பது மணிக்குப் பிழைத்தது. ஊருக்கெல்லாம் வைத்தியம் தெரிந்திருந்தது. நோய் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது முறையும் தவறியபோது வாசுதேவன் குரலை உயர்த்தவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வயதான தம்பதி காஞ்சிபுரம் போகிறார்கள், அன்றைக்கும் வண்டி வராவிட்டால் செங்கல்பட்டிலிருந்து வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்வேன் என்று மட்டும் சொன்னார். செய்தி எப்படியோ மதார் சாகிபுக்கும் போயிற்று. அவர் வீடு தேடி வந்து தோளில் கை போட்டார்.

"உன் எடம் காலியாத்தான் கீது மச்சான். எப்ப வேணும்னாலும் வா."

அன்பாகத்தான் சொன்னார். பஷீருதீனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை காரைச் செல்வராஜ் ஷெட்டிலேயே விட்டுவிட்டு, தானும் அங்கேயே பெஞ்சில் படுத்துக்கொண்டார். வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்கு மேஸ்திரி கொட்டாவி விட்டபடி வந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடியும் பிடித்தது. பஷீருதீனுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று புரியவில்லை.

"வண்டிக்கு ஒரு நோவும் இல்ல பாய்," என்றார் செல்வராஜ். "உன் வூட்லதான் இன்னாமோ கீது. போய் அத்தப் பாரு."

வீட்டில் என்ன இருக்கிறது? திரும்பும் வழியெல்லாம் இதே குடைச்சல். பெண்டாட்டி இருக்கிறாள், இரண்டு ஆடு இருக்கிறது, நாலு தென்னை இருக்கிறது. பக்கத்து மனையில் மைத்துனர் கிடங்கு இருக்கிறது. மச்சான் வயிறெரிகிறாரோ? சீச்சீ, அப்படி நினைத்ததே பாவம் என்று தனக்குத்தானே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் நினைப்பு போகவில்லை. அமீனா கொண்டுவந்து வைத்த டீயைக்கூட ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

சாயங்காலம் வழக்கம்போல வண்டிக்குப் பணிவிடை தொடங்கியது. மூக்கு கடலைப் பார்க்கும்படி காரை நிறுத்துவார். நாலு கதவையும் அகலத் திறப்பார். பானெட்டைத் தூக்கி ஒரு கம்பால் முட்டுக் கொடுப்பார். இஞ்சின் சூட்டோடு கருவாட்டு வாடை உள்ளே தங்கிவிட்டால் நாளைக்கு வெள்ளைக்காரன் மூக்கைப் பிடிப்பானே என்ற பயம். ராத்திரி முழுக்கக் கடல்காற்று உள்ளே புகுந்து வெளியே போனால் வாடை ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. வாங்கிய நாளிலிருந்து வீட்டில் இருந்த ஒரு ராத்திரிகூடத் தவறியதில்லை.

அமீனா பீவி ஆட்டைக் கட்டிவிட்டு வந்து அதைப் பார்த்தபடி நின்றாள். செங்கல்பட்டில் ராத்திரி வண்டி எப்படி நின்றது என்று கேட்டாள். ஷெட்டுக்குள் எல்லாம் மூடித்தான் நின்றது, அங்கே என்ன கருவாடா காய்கிறது என்று எரிந்து விழுந்தார் அவர்.

"கருவாட்டையே பொழுது சாஞ்சா படுதா போட்டு மூடிட்றோம்," என்றாள் அவள். "இல்லாட்டி காலீல நசநசன்னு கெடக்கும். நீங்க இன்னாடான்னா காரைத் தொறந்து போட்டுகினு கீறீங்க."

வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர், இரண்டு நாள் தூக்கமில்லாத அசதியில் கட்டையாய்ச் சாய்ந்தார்.

ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வந்தவருக்கு நெஞ்சு நின்றுவிட்டது. கதவெல்லாம் மூடியிருந்தது. பானெட் மூடியிருந்தது. அதற்கு மேல், பம்பர் முதல் டிக்கி வரை, கிடங்கிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுப் படுதா போர்த்தியிருந்தது. இருபது வருஷத்து வாளையும் நெத்திலியும் சுறாவும் ஒன்றாகச் சேர்ந்து அவர் காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. எந்த வாடைக்குப் பயந்து கிடங்கை விட்டு ஓடினாரோ, அது வண்டி மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. குடியைக் கெடுத்துவிட்டாயே என்று கத்த வாயெடுத்தார்.

"மொதல்ல ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள் அமீனா, படுதாவை உருவிக்கொண்டே. "அப்புறம் கத்துங்க."

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பில் பிடித்துக்கொண்டது.

மாமல்லபுரம் வரை கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டினார். இஞ்சின் பாடுகிறது, வாடை கூடவே வருகிறது. இந்தச் சந்தோஷத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. இத்தனை நாள் காயிலையும் பேட்டரியையும் பெட்ரோலையும், அல்லா மன்னிக்கட்டும், மச்சானையும் சந்தேகப்பட்டாயிற்று. தினம் சாயங்காலம் வண்டியைத் திறந்துபோட்டுக் கடல்காற்றில் ஈரம் பிடிக்கவைத்தது தன் கைதான், வெயிலில் அது காய்ந்த பிறகுதான் இஞ்சின் பிடித்தது என்பது கடம்பாடி தாண்டும்போது உறைத்தது. வெட்கமாக இருந்தது. பெண்டாட்டி முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்ததும் இன்னும் வெட்கமாக இருந்தது.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே விடுதி வாசலில் நின்றார். வாசுதேவன் கடிகாரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். தலையை வெளியே எடுத்த மேனேஜர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். என்ன ரிப்பேர் செய்தீர்கள், நாளைக்கும் இதே மாதிரி வருமா என்று கேட்டார்.

புதுக் காயில் என்று சொல்லிவிடலாம். மேஸ்திரி பெயரைச் சொல்லிவிடலாம். இரண்டுமே வாய்வரை வந்தன.

"ரிப்பேரு ஒண்ணும் இல்ல சார். எங்க வூட்டம்மா ராவுல மூடி வெச்சாங்க."

"எதப் போட்டு மூடினாங்க?"

பஷீருதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கருவாட்டுப் படுதா சார்."

படியில் வெள்ளைக்காரத் தம்பதி பையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வாசுதேவன் அவர்களுக்காகக் கதவை அகலத் திறந்து பிடித்தார்.

"அப்ப நாளைக்கும் அதையே போட்டு மூடச் சொல்லுங்க பாய்."