கணக்கு வராது

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. எந்த இரண்டு பாடங்களைக் கற்பிக்கப் பயிற்சி வேண்டும் என்று அவற்றில் எழுத வேண்டும். முதல் கட்டத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிட்டேன். இரண்டாவது கட்டம் மூன்று நாள் காலியாகவே கிடந்தது. கணிதத்தில் பி.ஏ. முடித்தவளுக்குக் கணிதம் என்று எழுத மூன்று நாள் எதற்கு என்று அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெளியில் சொல்லத்தான் பயமாக இருந்தது.

அது ஐம்பதுகளின் கடைசி. எங்களுக்குத் தொட்டியத்தில் வாழைத்தோட்டம். என் படிப்புக்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அப்பா வாரத்தில் பாதி நாள் தோட்டத்தில் இருப்பார், மீதி நாள் திருச்சி மார்க்கெட்டில். வண்டியிலிருந்து தார் இறங்கும்போது அவரே பக்கத்தில் நின்று எண்ணுவார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போகும் அவருடைய எண்ணிக்கை. ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார். முதல் எண்ணை லாபம் என்று சொன்னால்தான் விளங்கும் என்பது தார் எண்ணுகிறவர்கள், நெல் அளக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம். பள்ளிக்கூடம் போகும் வரை அந்த எண்ணின் பெயரே லாபம் என்று நான் நினைத்திருந்தேன்.

என் பயம் நாலாம் பாரத்தில், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தோழி கணக்கை மெதுவாகத்தான் போடுவாள், ஆனால் சரியாகப் போட்டுவிடுவாள். ஒருநாள் கணக்கு டீச்சர் அவளைப் பலகைக்குக் கூப்பிட்டார். பாதியில் நின்றுவிட்டாள். சாக்பீஸ் கையில் இருக்கிறது, அடுத்த வரி வரவில்லை. விடை தெரிந்த நான் கையை உயரத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்காத குறையாகத் துடித்தேன். டீச்சர் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உனக்குக் கணக்கு வராது, போய் உட்காரு என்றார். அவ்வளவுதான்.

நம் பேச்சில் எதுவுமே வரும், அல்லது வராது. பாட்டு வரும், நீச்சல் வராது. தானாக நடந்து வரவேண்டிய ஒரு ஆளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறோம். வராது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் வாசலில் யார் காத்திருப்பார்கள்? தோழியின் அப்பாவும் காத்திருக்கவில்லை. டீச்சரே சொன்ன பிறகு பள்ளிக்கூடம் எதற்கு என்று அந்த வருஷமே நிறுத்திவிட்டார். மறு தை மாதம் அவளை மருங்காபுரிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவளை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், விண்ணப்பம் வாங்குவதற்கு முந்தின ஆடிப்பெருக்கன்று, முக்கொம்பில். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. காவிரி செம்மண் நிறத்தில் படிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. நான் என்ன படித்தேன், மேற்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்றெல்லாம் விசாரித்தாள். டீச்சராகப் போகிறேன் என்றதும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு இன்னும் கணக்கு வருதா?" என்று கேட்டாள்.

வருது என்றேன்.

"யாரையும் பாத்து வராதுன்னு மட்டும் சொல்லிடாத."

அவள் குரலில் கோபமே இல்லை. குழந்தைகளோடு இரண்டு படி மேலே ஏறினோம். திரும்பிப் பார்த்தபோது நாங்கள் நின்ற படி தண்ணீருக்குள் போயிருந்தது.

அதனால்தான் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது. கணித ஆசிரியைகளுக்கு எல்லாப் பள்ளியிலும் பஞ்சம், பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பேசாமல் தமிழை எடுத்துக்கொள்ளலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அம்மாவிடம் கேட்டேன். அம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள், நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தபடி. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உனக்குக் கணக்கு வரும், சரி. கோபமும் வருமே. அத எங்க கொண்டுபோய் வைப்ப?"

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற தாய்க்கே என் மேல் நம்பிக்கை இல்லையே என்று முகம் சிவந்துபோய், அந்தச் சூட்டிலேயே பேனாவை எடுத்துக் கணிதம் என்று எழுதினேன். எழுதிய வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது. பின்னால் காகிதம் ஒட்டித்தான் அனுப்பினேன்.

பயிற்சியின் இரண்டாம் பகுதியில் எங்களைக் கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். எனக்கு மூன்றாம் பாரம், முப்பத்தாறு பெண்கள். பலகையின் மூலையில் வகுப்பு, பாடம், அன்றைய வருகை மூன்றையும் எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும். எங்கள் பேராசிரியை சென்னைக்காரர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், நாங்கள் செய்வதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பார். அந்தப் பென்சில் சத்தம் கேட்டாலே பலகையில் எழுதியதை மறுபடி ஒருமுறை சரிபார்ப்பேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று எக்ஸும் நாலும் சேர்ந்தால் ஏழு, எக்ஸ் எவ்வளவு என்று கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை. பென்சில் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று பேரை எழுப்பினேன், முழித்தார்கள். அப்போது சுவரோரம் ஒரு பெண் தானாகவே எழுந்தாள். கிராமத்திலிருந்து புதிதாகச் சேர்ந்தவள், அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவள்.

"லாபம், டீச்சர்," என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கடைசி பெஞ்சில் பென்சில் நின்றது. பேராசிரியை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அவள் சொன்ன விடை சரி. அந்த அறையில் அது சரி என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆமாம், லாபம் என்றால் ஒன்று, எங்கள் அப்பாவும் அப்படித்தான் எண்ணுவார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் சென்னைக்கார அம்மாள் முன்னால் மார்க்கெட்டும் வாழைத்தாரும் என் மேல் ஒட்டிக்கொண்டுவிடுமே என்று வெட்கம். அந்த வெட்கம் அப்படியே கோபமாக மாறியது.

"லாபமா? இதென்ன சந்தையா? உனக்குக் கணக்கு வராது. உட்காரு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் என் காதில் விழுந்தது. நாலாம் பாரத்தில் நான் கேட்ட அதே குரல். வகுப்பு கப்சிப்பென்று அடங்கிவிட்டது. அந்தப் பெண் அழவில்லை. உட்கார்ந்து, நோட்டில் எழுதி வைத்திருந்த விடையை ரப்பரால் நிதானமாக அழித்தாள். வகுப்பு முடிந்ததும் பேராசிரியை என்னிடம், வகுப்பைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறாய், நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதல் வேலையாக அவளை எழுப்பி, நீ சொன்னதுதான் சரி, எனக்குத்தான் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. பேராசிரியை எதை வேண்டுமானாலும் குறித்துக்கொள்ளட்டும்.

சுவரோரம் அவள் இடம் காலியாக இருந்தது. ஜுரமாக இருக்குமோ என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

"நின்னுட்டா டீச்சர். அவளுக்குக் கணக்கு வராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னு இன்னிக்குக் காலைலயே அவங்க அப்பா வந்து டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாரு."

கடைசி பெஞ்சில் பேராசிரியை பென்சிலோடு காத்திருந்தார். வருகையை எழுதியாக வேண்டும். சாக்பீஸை எடுத்துக்கொண்டு தலைகளை எண்ண ஆரம்பித்தேன். லாபம், ரெண்டு, மூணு என்று என் வாய் தானாகவே எண்ணிக்கொண்டு போனது. கடைசியில் ஒன்று குறைந்தது.