பதினோராவது தட்டில் கிராபிக்ஸ் கார்டு

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து போன முதல் கடை புடவைக் கடையும் இல்லை, நகைக் கடையும் இல்லை. கிராபிக்ஸ் கார்டு விற்கிற கடை. யாரிடம் சொன்னாலும் "சும்மா அளக்காதே" என்கிறார்கள். நான் அளக்கவில்லை. அவர்தான் அளந்தார், சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, கடைக்காரர் கண் முன்னாலேயே.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போது செம்பூரில் அப்பா அம்மாவோடு இருந்தேன். ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. காலையும் மாலையும் ஹார்பர் லைன் ரயிலில், யாரோ ஒருத்தியின் முழங்கைக்கும் இன்னொருத்தியின் டிபன் பைக்கும் நடுவில் நசுங்கிப் போய்வருவேன். வீட்டுக்கு வந்ததும், கைகால் கழுவுவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவேன். கார் ரேஸ். நாள் முழுக்க ஓர் அடி நகர இடமில்லாதவளுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லாத சாலை கிடைத்தால் எப்படி இருக்கும்! ஆனால் என் கம்ப்யூட்டரில், படத்தைத் திக்காமல் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது. சாலையோர மரங்கள் பச்சை அட்டையை வெட்டி நட்ட மாதிரி தெரியும். வளைவு வந்தால் படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது என் வண்டி கடலுக்குள் இருக்கும். அப்படியும் விடமாட்டேன்.

அவர் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா என்னிடம், "ஒங்களுக்கு என்னம்மா புடிக்கும்?" என்று மரியாதையாகக் கேட்டார். மாதுங்காவில் இருக்கிற என் பெரியம்மாதான் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் தலைமை. அவர் முந்திக்கொண்டு, "கோலம் பிரமாதமா போடுவா," என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. "கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஆடுவேன்," என்றேன்.

 பெரியம்மா என் தொடையைக் கிள்ளினார். அப்போதுதான், அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "கார்டு எது போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"கார்டே இல்லை," என்றேன்.

அவர் முகத்தில் வந்த இரக்கம் இருக்கிறதே! நான் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லியிருந்தால்கூட மனிதர் அவ்வளவு உருகியிருக்க மாட்டார். எனக்கு அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. மற்றவர்கள் ஜாதகம், சமையல் என்று பேசியதெல்லாம் காதில் விழவே இல்லை.

சம்பந்தம் பேசி முடித்த பிறகுதான் எனக்குக் கவலை வந்தது. அவர்கள் வீடு தாராவியில். கீழே ஓர் அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே மாலா என்கிற மச்சு, அவ்வளவுதான் வீடு. தோல் பைப் பட்டறைகளுக்கு டிசைன் வரைந்து தருவது அவர் வேலை. அதற்கான கம்ப்யூட்டர் மாலாவில் இருந்தது, டிவி கீழே சுவரில். கேபிள் பாதி நாள் வராது. அதனால் அத்தை, அதாவது அவர் அம்மா, பார்க்கிற தமிழ் நாடகங்களை அவர் இன்டர்நெட்டில் பிடித்து, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நீள வயர் வழியாகக் கீழே டிவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் அத்தையின் நாடகம் தொடங்கும் நேரமும் ஒன்று. இருப்பது ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து வெளியே போவது ஒரு வயர், ஒரு நேரத்தில் ஒரு திரைக்குத்தான் படம். புதிதாக வந்த மருமகள், "அத்தை, கொஞ்சம் நகருங்க, நான் கார் ஓட்டணும்" என்றா சொல்வாள்? அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரி ஆடிய பேட்மிண்டன் கல்யாணத்தோடு நின்றது. இன்னொருத்தியின் வயலின் பரணுக்குப் போனது. என் வண்டியும் செம்பூரிலேயே நின்றுவிடுமோ என்று பயம். மாப்பிள்ளை மேல் கொள்ளை ஆசை, கூடவே இந்தப் பயமும்.

"உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல கார்டு வாங்கலாமா? என் சம்பளத்துல," என்று போனில் கேட்டேன். நாடகம் முடிந்த பிறகாவது கொஞ்ச நேரம் கிடைக்கும் என்ற நப்பாசை.

"ஞாயித்துக்கிழமை தாதர் பாலத்துல நிக்கேன். வந்துருங்க," என்றார். முன்னாலேயே யோசித்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

தாதர் பாலத்தில் அன்று ஊரே பூ வாங்கிக்கொண்டு போனது. அவர் ஒரு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோல் வெட்டுகிற பட்டறையில் அளக்கிற டேப். முந்தின நாளே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டாராம். ஒரு பூ வாங்கித் தரத் தோன்றவில்லையே என்று ஒரு நொடி கோபம் வந்தது. பெட்டிக்குள் அளந்துவிட்டு வந்திருக்கிறார் என்றதும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. கடை இருக்கிற கிராண்ட் ரோடு வரை ரயிலில் நாங்கள் பேசிய பேச்சில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

கடைக்காரர் எடுத்த எடுப்பில் அவரைப் பார்த்து, "சார், கோன்சா கேம் கேல்தே ஹோ?" என்று கேட்டார். எந்த விளையாட்டு ஆடுகிறீர்கள் என்று. இவர் கட்டைவிரலை என் பக்கம் நீட்டி, "மேடம் கேல்தி ஹை. உன்ஸே பூச்சோ," என்றார். ஆடுவது மேடம்தான், அவரிடமே கேளுங்கள் என்று. கடையில் நின்ற அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தது, தெரியாதது எல்லாவற்றையும் கேட்டேன். மெமரி எவ்வளவு? மழை பெய்கிற டிராக்கில் திக்காமல் ஓடுமா? கரண்ட் எவ்வளவு இழுக்கும்? சூடாகுமா?

கடைக்காரர் மேஜை மேல் இரண்டு கார்டுகளை வைத்தார். ஒன்றைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். மூன்று ஃபேன், ஓரமெல்லாம் வர்ண விளக்கு, கையில் வாங்கினால் கைக்குழந்தை கனம். இன்னொன்று குட்டை, இரண்டே ஃபேன், விளக்கு கிடையாது. வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார் கடைக்காரர். பெரியதுதான் என்று நான் பையைத் திறக்கும்போது இவர் அதைத் திருப்பி, வயர் செருகும் பின்பக்கத் துளைகளைப் பார்த்தார்.

"இதுல ஹெச்டிஎம்ஐ ஒண்ணுதான் இருக்கு. மிச்சமெல்லாம் வேற மாதிரி துளை. அந்தச் சின்னதுல ரெண்டு இருக்கு. அதுவே எடுங்க."

"டிவிக்குப் போக ஒண்ணு போதாதா?"

"ரெண்டு வேணும்."

"வேற துளைக்குக் கன்வெர்ட்டர் போட்டுக்கலாமே!"

"மாலாவுல எலி இருக்கு. ஏற்கெனவே ரெண்டு வயர கடிச்சிட்டு. தொங்குத சாமானெல்லாம் வேண்டாம்."

 டேப்பை எடுத்து அளந்தார். பெரியது பெட்டிக்குள் போகும், ஆனால் இடித்துக்கொண்டு போகும் என்றார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இவர் விளையாட்டுக்காரர் இல்லை, வயர்மேன். விளக்கில்லாத மனிதருக்கு விளக்கில்லாத கார்டு! கடைக்காரர் முன்னால் சண்டை வேண்டாம் என்று குட்டையையே வாங்கிக்கொண்டேன். ஸ்டேஷன் வரை அவரோடு பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் வாங்கிக் கையில் கொடுத்தார். நான் முறைத்துக்கொண்டே தின்றேன்.

"ஒரு துளை கீழ டிவிக்கு," என்றார். "அம்மா அதுல நாடகம் பாத்துக்கிடுவாவ. இன்னொரு துளை மேல மானிட்டருக்கு. நீங்க ஹெட்போன மாட்டிக்கிட்டு அதுல ஓட்டுங்க. ஒரே கம்ப்யூட்டர், ரெண்டும் ஒரே நேரத்துல. யாரும் யாரயும் நகரச் சொல்ல வேண்டாம்."

வாயில் வடாபாவ் இருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தில் அழுதிருப்பேன். என் பயத்தை நான் யாரிடமும் சொல்லவே இல்லை. இவர் அதைத்தான் டேப் வைத்து அளந்துகொண்டு வந்திருக்கிறார்.

"இத கடையிலேயே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்க பேச விட்டாத்தான?"

இனி கல்யாணம். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. "பொண்ண மட்டும் கூட்டிட்டு வாங்க" என்று அத்தை சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்கு அதுவே ரோஷம். தட்டாவது நிறைய இருக்க வேண்டும் என்று பழம், பூ, இனிப்பு, வெற்றிலை பாக்கு என அடுக்கினார். அடுக்கி முடித்து எண்ணிப் பார்த்தால் பத்து. "ஐயையோ, ரெட்டைப்படை! இன்னொரு தட்டு வேணும், இப்பவே வேணும்!" என்று மண்டபத்தில் ஆடிப்போய்விட்டார். சீப்புச் சீப்பாக இருந்த வாழைப்பழத்தில் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம். நான்தான் ஜடை பின்னுகிறவள் கையில் தலையைக் கொடுத்துக்கொண்டே, "என் பையில கார்டு இருக்கு, அத வைங்க பெரியம்மா," என்றேன். விளையாட்டாகச் சொன்னேன். பெரியம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சீர்த் தட்டில் பொருளை டப்பாவோடு வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டப்பாவைப் பிரித்து, உறையைக் கழற்றி, கார்டைப் பட்டுத்துணி மேல் படுக்க வைத்திருக்கிறார். மங்கலப் பொருள் பொட்டில்லாமல் இருக்கலாமா? இரண்டு ஃபேனுக்கும் நடுவில் சந்தனம், குங்குமம். ஓரத்தில் துளைகள் கண் மாதிரி தெரிந்தனவாம். அங்கேயும் ஒரு பொட்டு.

தட்டுகள் வரிசையாக வந்தபோது நான் மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பக்கத்துப் பெண்கள் பேசிக்கொண்டது மட்டும் கேட்டது.

"அது என்னக்கா, மிக்ஸியா?"

"இல்ல, ஃபேன். ரெண்டு இருக்கு பாரு, ஆளுக்கொண்ணு."

நிமிர்ந்து பார்த்தேன். பதினோராவது தட்டில் என் கார்டு குங்குமப் பொட்டோடு வந்துகொண்டிருந்தது. சிரிப்பை அடக்கியதில் என் தோள் குலுங்கியது. பெண் அழுகிறாள் என்று நான்கு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் எனக்குக் கேட்கிற மாதிரி மெதுவாக, "துளையில வெச்சுட்டாவளே," என்றார்.

விருந்து, மறுவீடு எல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் கார்டை மாட்ட உட்கார்ந்தார். முந்தின நாளே பஞ்சால் நன்றாகத் துடைத்தாகிவிட்டது. நான் பக்கத்தில், வண்டி ஓட்டுகிற வயரில்லாத கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தேன். ஸ்விட்சைப் போட்டார். கீழே டிவியில் படம் வந்தது. மேலே மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், துளைக்குள் ஆழத்தில் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம். கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தார். மறுபடி போட்டார். கறுப்பு. வயரைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் வாயிலும் சந்தனம் அடைத்திருந்தது.

"புது வயர் வாங்கிட்டு வாரேன்," என்று ஏணியில் இறங்கிப் போய்விட்டார்.

நாடக நேரம். அத்தை உரிக்க வேண்டிய பூண்டோடு டிவிக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். வேலை செய்வது அவருடைய திரை ஒன்றுதான்.  ஒரு வயர்தான், இவர் வந்தால் சரியாகிவிடும் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் பேட்மிண்டனும் வயலினும் இப்படித்தான் நின்றிருக்கும், இன்றைக்கு ஒரு நாள்தானே என்று. கன்ட்ரோலரைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, வயரில்லாத மவுஸோடு இறங்கி வந்து, அத்தைக்கு நாடகத்தைப் போட்டேன்.

பாட்டு ஓடியது. அத்தை டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தலைப்புக்குள்ள என்னது?"

எடுத்துக் காட்டினேன்.

"இதுக்குத்தான அம்புட்டு தூரம் போயி வாங்கிட்டு வந்திய?"

"பரவாயில்ல அத்தை, நீங்க பாருங்க. அவங்க வயர் வாங்கிட்டு வரட்டும்."

அத்தை டிவியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற கதாநாயகியைப் பூண்டால் சுட்டிக் காட்டினார். "இவ நேத்தும் அழுதா. இன்னைக்கும் அழத்தான் போறா. நீ ஒன் வண்டிய எடுளா."

அதுவரை எனக்கு "வாங்கம்மா, சாப்பிடுங்கம்மா" தான். முதல் முறையாக அவர் வாயில், சொந்தப் பெண்ணிடம் பேசுகிற "ளா" வந்தது. ரேஸைப் போட்டேன்.

என்ன சொல்ல! மரத்தில் இலை இருந்தது. சாலையில் மழைத் தண்ணீர் இருந்தது, தண்ணீரில் வானம் தெரிந்தது. வளைவு வந்தது, படம் நிற்கவில்லை. நான் கூவிவிட்டேன். எனக்கு மேல் அத்தை கூவினார்.

"ஆள் வாரான், ஆள் வாரான்! ஹார்ன அடி!"

"இதுல ஹார்ன் கிடையாது அத்தை!"

"ஹார்ன் இல்லாம அது என்ன வண்டி?" பூண்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முன்னால் போகிற வண்டிகளைப் பார்த்து, "ஏ பாஜூ! பாஜூ ஹட்!" என ஒதுங்கச் சொல்லி, அவரே ஹார்ன் ஆனார். "தொண்ணூறு அடி ரோட்டுல நம்ம ரிக்ஷாக்காரன் எப்படிப் போவான்? அப்படிச் சந்துல விடுளா!" விட்டேன். இரண்டு வண்டிகளைத் தாண்டினேன். அத்தை என் முதுகில் ஒரு அடி வைத்தார். வலித்தது, ஆனந்தமாக இருந்தது.

இவர் வியர்க்க விறுவிறுக்க வந்து எங்களைக்கூடப் பார்க்காமல் ஏணியில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து ஒரே சத்தம். "வந்துட்டு! மானிட்டர் வந்துட்டு! ரெண்டும் வேலை செய்யுது! நீ மேல வா, அம்மாக்கு நாடகத்த வெச்சுரலாம்!"

அத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏல, நீ அங்கயே இரு. நாடகத்த அந்தப் பொட்டியில போட்டு நீயே பாரு. அவ என்ன ஆனான்னு பொறவு எங்களுக்குச் சொல்லு. நாங்க ரேஸ்ல இருக்கோம்."

 மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்காக வாங்கி வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு மனிதர் உட்கார்ந்துவிட்டார். அப்படிச் சிரித்துக்கொண்டே நான் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை.

நாங்கள் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது மாலாவிலிருந்து குரல் வந்தது.

"அழுதுட்டாம்மா."

"நான் சொன்னேம்லா," என்றார் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வளைவு வருது, பிரேக்கப் போடுளா."